பத்து மணிக்குள் மங்களம்

2023 ஏப்ரல் 30. புனே ராஜா பகதூர் மில் மைதானத்தில் ஏ. ஆர். ரஹ்மானின் இசை நிகழ்ச்சி. கடைசிப் பாட்டின்போது போலீஸ் அதிகாரி ஒருவர் மேடையேறி நிறுத்தச் சொன்னார். மணி பத்தைத் தாண்டியிருந்தது. பாட்டு நின்றது.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, எழுத்து மூலமான அனுமதியின்றி ஒலிபெருக்கி வைக்கலாகாது. அனுமதி இருந்தாலும் திறந்தவெளியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை கூடாது. ஆண்டில் 15 நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு.

பீம்சேன் ஜோஷி 1953-இல் தொடங்கிய சவாய் கந்தர்வ விழா ஒரு காலத்தில் விடிய விடிய நடந்தது. விதி வந்தபின் அந்த இரவுகள் போயின. பின்னிரவு ராகங்களுக்கு மேடையில் வேளை இல்லாமற் போயிற்று. ரசிகர்களுக்கு அது நஷ்டமே. ஆனால் பக்கத்து வீட்டு நோயாளிக்கும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் அதே விதிதான் பாதுகாப்பு.

அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கும் கராடியில், பூங்காவில் பொங்கல் கச்சேரி நடத்த விரும்பும் தமிழர்கள் இரண்டு கதவுகளைத் தட்டவேண்டும்: இடத்துக்கு மாநகராட்சி, ஒலிபெருக்கிக்குப் போலீஸ். குடியிருப்புப் பகுதியில் பகலில்கூட 55 டெசிபல்தான் வரம்பு. மாலை ஐந்துக்கே தொடங்கினால் துக்கடாவும் பாடி, மங்களமும் பாடி, அண்டை வீட்டாரின் நல்லெண்ணத்தோடு வீடு திரும்பலாம்.