சாக்ஸ் பந்து, சாய்ந்த வாளி

அந்தமானில் டிசம்பர் மாதம் மாலை 5 மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடுகிறது. இந்திய நேரத்தைக் கணிக்கும் தீர்க்கரேகைக்குச் சுமார் 10 பாகை கிழக்கே அல்லவா இருக்கிறோம்! ஆகவே உங்கள் வீட்டு இரண்டு வயதுச் சுட்டியை நாலு மணிக்கே முற்றத்துக்கு அழைத்து வாருங்கள். பழைய சாக்ஸுக்குள் துணியைத் திணித்து முடிச்சுப் போட்டால் பந்து தயார். தாத்தாவுக்கு ஓலைப்பந்து முடையத் தெரிந்தால் இன்னும் விசேஷம். வாளியைச் சாய்த்து வைத்து, அதற்குள் உருட்டச் சொல்லுங்கள். இந்த வயதில் பிடிப்பதைவிட உருட்டுவது எளிது. வாய்க்குள் போகும் அளவுக்குச் சிறிய பந்து வேண்டவே வேண்டாம். தேங்காய் விழும் மரத்தடியும் வேண்டாம். ஆடி முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். மழைநீர் தேங்கினால் கொசு முட்டையிடும், குழந்தைக்கும் ஆபத்து.