இடைவேளைக்கு எத்தனை அவுன்ஸ்?



தியேட்டரில் பாப்கார்ன் சாப்பிடாதவர் நம்மில் குறைவு. ஆனால் அதைப் பொரிக்கும் மிஷினை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று யாராவது யோசித்திருக்கிறோமா? நான் யோசிக்க வேண்டி வந்தது. எங்கள் ஊரில் இருப்பது ஒரே தியேட்டர். மொத்தம் 200 சீட். அதன் கேன்டீனை என் சித்தப்பா குத்தகைக்கு எடுத்து டீ, முறுக்கு, சமோசா விற்கிறார். பாப்கார்ன் மிஷின் வாங்கச் சித்தியின் நான்கு வளையல்களையும் அடகு வைப்பதாகப் பேச்சு. "நீதான் கணக்குல கெட்டியாச்சே, போட்டுச் சொல்லு கண்ணு" என்றார் சித்தப்பா. அப்போது நான் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

1. சோளம் ஏன் பொரிகிறது?

பாப்கார்ன் சோளம் தனி ரகம். உடுமலை, பல்லடம் பக்கம் கோழித் தீவனத்துக்குப் போகிற மக்காச்சோளத்தை வறுத்தால் இப்படிப் பூவாக விரியாது. பாப்கார்ன் மணியின் தோல் கெட்டியானது, இடுக்கில்லாதது. உள்ளே மாவுச்சத்தும், எடையில் ஏறத்தாழ 14 சதவீதம் ஈரமும் இருக்கும். சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி வெளியே போக வழியில்லாமல் முட்டும். சுமார் 180 டிகிரி செல்சியஸில் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைப்போல 9 மடங்கு ஆகிவிடும். தோல் 'பட்'டென்று வெடிக்கும். வெந்து குழைந்த மாவு நுரைபோல் விரிந்து, உடனே ஆறி இறுகிவிடும். நம்ம பிரஷர் குக்கரில் ஆவி வெளியேறும் வழியெல்லாம் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? அதேதான்!

ஆகவே நல்ல மிஷினின் வேலை இரண்டுதான். எல்லா மணிக்கும் ஒரே மாதிரி சூடு கொடுக்க வேண்டும். பொரிந்ததைக் கருகவிடாமல் உடனே வெளியே தள்ள வேண்டும்.

2. என்னென்ன வகை?

சூடான காற்றில் பொரிக்கும் மிஷின்: எண்ணெய் வேண்டாம். ஆனால் உப்பும் மசாலாவும் ஒட்டாது, வாசனையும் குறைவு. கேன்டீனில் பாதி வியாபாரம் வாசனையில்தான் நடக்கிறது!

கேஸ் மிஷின்: கரண்ட் போனாலும் ஓடும். ஆனால் வியாபாரத்துக்கு 19 கிலோ சிலிண்டர்தான் வைக்க வேண்டும், வீட்டு சிலிண்டர் கூடாது. மரமும் திரைச்சீலையும் உள்ள கட்டிடத்தில் திறந்த நெருப்பு வேண்டாம் என்று தியேட்டர் ஓனர் சொல்லிவிட்டார்.

கரண்டில் ஓடும் சட்டி மிஷின்: கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கும் சட்டி. அதில் எண்ணெயும் சோளமும் போட்டால், உள்ளே ஒரு கம்பி சுற்றிக் கிளறும். மூன்று பங்கு சோளத்துக்கு ஒரு பங்கு எண்ணெய். நாம் தியேட்டரில் பார்ப்பது பெரும்பாலும் இதுதான்.

3. எந்த அளவு? இதுதான் முக்கியக் கணக்கு

சட்டியின் அளவை அவுன்ஸில் சொல்வார்கள். ஒரு தடவை எவ்வளவு சோளம் போடலாம் என்பதே அந்த எண். 8 அவுன்ஸ் என்றால் சுமார் 227 கிராம். கடைக்காரர், "பதினாறே எடுத்துடுங்க. பொங்கலுக்குப் பெரிய படம் வந்தா சின்னது பத்தாதுங்க" என்றார்.

நாங்கள் ஒரு வாரம் மாலைக் காட்சிக்கு வந்தவர்களை எண்ணினோம். சாதாரண நாளில் 60 பேர். ஞாயிறன்று 150 பேர். மூன்றில் ஒருவர் வாங்குவார் என்று வைத்துக்கொண்டால் 20 பாக்கெட், 50 பாக்கெட். ஒரு பாக்கெட் ஒரு லிட்டர் அளவு. 8 அவுன்ஸ் சட்டியில் ஒரு ஈடுக்கு 8 பாக்கெட் வரும். ஓர் ஈட்டுக்கு 4 நிமிடம்.

4 அவுன்ஸ்: ஞாயிறன்று 13 ஈடு, 52 நிமிடம். மிஷினைவிட்டு ஆள் நகரவே முடியாது. டீ யார் போடுவது?

8 அவுன்ஸ்: சாதாரண நாளில் 3 ஈடு, 12 நிமிடம், 4 பாக்கெட் மீதி. ஞாயிறன்று 7 ஈடு, 28 நிமிடம்.

16 அவுன்ஸ்: சாதாரண நாளில் 2 ஈடு போட்டால் 32 பாக்கெட். அதில் 12 பாக்கெட் மீதி, நமத்துப் போகும். அரைச் சட்டி போட்டால் சூடும் எண்ணெயும் சமமாகப் பரவாமல் கருகும் என்றார்கள்.

சரி, பொங்கலுக்கு? 200 சீட்டும் நிரம்பி, பாதிப் பேர் வாங்கினால்கூட 100 பாக்கெட். 8 அவுன்ஸில் 13 ஈடு, 52 நிமிடம். நம் படங்களில் இடைவேளைக்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறதே! முன்கூட்டியே பொரித்து, பெட்டியில் கொள்ளாததை மூடி போட்ட டின்னில் வைத்தால் போதும். வருடத்தில் நான்கு நாள் கூட்டத்துக்காக மீதி நாளெல்லாம் நஷ்டப்படக் கூடாது. சித்தப்பா இதைக் கேட்டு 8 அவுன்ஸே வாங்கினார். இரண்டு வளையல் மட்டும்தான் அடகுக்குப் போயிற்று.

4. கரண்ட் தாங்குமா?

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் என்று அறிவியல் டீச்சர் சொல்லிக்கொடுத்தது இங்கே உதவியது. நாங்கள் பார்த்த 8 அவுன்ஸ் மிஷின் 1500 வாட். 1500 ÷ 230 = 6.5 ஆம்பியர். ஆகவே 6 ஆம்பியர் சின்ன பிளக் கூடாது, 16 ஆம்பியர் பெரிய பிளக் வேண்டும். எர்த் கண்டிப்பாக இருக்க வேண்டும். டீ பாய்லரும் ஃபிரிட்ஜும் இருக்கும் அதே லைனில் மாட்டக் கூடாது. ஜெனரேட்டரில் ஓடும்போது தாங்குமா என்று ஆபரேட்டர் அண்ணனிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

5. வாங்கும்போது தொட்டுப் பார்க்க வேண்டியவை

★ சட்டி கழன்று வருகிறதா? எண்ணெய்ப் பிசுக்கைத் தினமும் கழுவ வேண்டும்.
★ தரையில் துளையும் அடியில் டிராயரும் உண்டா? வெடிக்காத மணி அதில் விழுந்துவிடும். கடித்தால் பல் போகும்!
★ காயில் போனால் பக்கத்து டவுனில் கிடைக்குமா?
★ உள்ளே சூடு தரும் விளக்கு எரிகிறதா? அதுதான் நமத்துப் போகாமல் காக்கும்.

உங்களுக்குத் தெரியுமா?

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1893ஆம் ஆண்டு, சார்லஸ் கிரெட்டர்ஸ் என்பவர் நீராவியால் ஓடும் பாப்கார்ன் மிஷினுக்குக் காப்புரிமை பெற்றார். 1930களில் அங்கே பெரும் பொருளாதார மந்தம் வந்தபோது, 5, 10 சென்ட்டுக்கு விற்ற பாப்கார்ன்தான் பல தியேட்டர்களை மூடாமல் காப்பாற்றியது.

வீட்டில் செய்து பாருங்கள் (பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்)

பத்து மணிகளை எடுத்து, ஒவ்வொன்றின் தோலிலும் ஊசியால் குத்துங்கள். குத்தாத பத்து மணிகளைத் தனியே வையுங்கள். இரண்டையும் தனித்தனியாக, மூடி போட்ட பாத்திரத்தில், கொஞ்சம் எண்ணெயில் வறுத்து எண்ணுங்கள். குத்திய மணிகளில் ஆவி துளை வழியாகத் தப்பிவிடும், சரியாகப் பொரியாது. எத்தனை லட்சம் மிஷின் வாங்கினாலும் காய்ந்த சோளமும் உடைந்த சோளமும் பொரியாது என்பது அப்போது புரியும். எண்ணிக்கையை என்னிடம் வந்து சொல்லுங்கள், அடுத்த இதழில் எழுதுகிறேன்.



– 10ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி