குவார்ட்டர்பேக் யார்? ஆகஸ்ட் மாதம் முழுக்க ஓயாத ஒரு சண்டை

2015 ஏப்ரல் 18. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத் தலைநகர் கொலம்பஸில் 99,391 பேர் ஒரு பயிற்சி ஆட்டத்தைப் பார்க்கத் திரண்டார்கள். எதிரணி என்று யாரும் இல்லை. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணி தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடியது. யார் ஜெயித்தாலும் கணக்கில் சேராது. அந்த வசந்த காலத்தில் ஊரே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி ஒன்றுதான்: சீசன் தொடங்கும்போது குவார்ட்டர்பேக் யார்? அதற்கு அன்று விடை கிடைக்கவில்லை. கிடைத்திருக்கவும் முடியாது, போட்டியில் இருந்த மூவரில் இருவர் காயத்திலிருந்து மீண்டுகொண்டிருந்தார்கள்.

முட்டை வடிவப் பந்தை எறிந்தும் சுமந்து ஓடியும் ஆடுகிற அமெரிக்க ஃபுட்பாலில் ஒரு நேரத்தில் ஓர் அணியிலிருந்து 11 பேர் களத்தில் நிற்பார்கள். தாக்கும் அணியின் ஏறக்குறைய ஒவ்வொரு நகர்விலும் பந்து முதலில் குவார்ட்டர்பேக்கின் கைக்குத்தான் வரும். எதிரில் நிற்பவர்களின் அணிவகுப்பைப் படித்து, எறிவதா, பக்கத்தில் ஓடுபவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று நொடிக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். மற்ற இடங்களில் ஒருவர் சொதப்பினால் இன்னொருவர் ஈடுகட்டலாம். இந்த இடத்தில் அது நடக்காது.

தொழில்முறை லீகான என்.எஃப்.எல்-இல் நல்ல குவார்ட்டர்பேக் கிடைத்துவிட்டால் ஓர் அணி பத்துப் பதினைந்து வருடம் கவலையில்லாமல் இருக்கலாம். கல்லூரியில் அப்படியல்ல. பொதுவான விதிப்படி ஒரு மாணவர் ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு சீசன்கள்தான் ஆட முடியும். திறமைசாலி அதற்கு முன்பே என்.எஃப்.எல்-க்குப் போய்விடுவார். எனவே இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த இடம் காலியாகும், சண்டையும் புதிதாகத் தொடங்கும். வழக்கமான சீசனில் ஆட்டங்களோ 12தான். 2014 முதல் 2023 வரை, நாட்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றில் நான்கே அணிகளுக்கு இடம். ஒரே ஒரு தோல்வி வருடத்தையே விழுங்கிவிடும் என்ற நிலையில், ஆகஸ்ட் மாதத்திலேயே ரசிகர்களுக்குத் தூக்கம் போய்விடுகிறது.

தூக்கம் போகிறதே தவிர, தகவல் எதுவும் வருவதில்லை. ஆகஸ்ட் பயிற்சிகள் பெரும்பாலும் மூடிய கதவுக்குள் நடக்கின்றன. உள்ளே போய்ப் பார்த்தாலும் பெரிதாகத் தெரியாது. பயிற்சியில் குவார்ட்டர்பேக்குக்குத் தனி நிறச் சட்டை மாட்டிவிடுகிறார்கள். அவரை யாரும் இடித்துத் தள்ளக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. 130 கிலோ ஆள் ஒருவர் பாய்ந்து வரும்போது இவர் பதறுவாரா, நிதானமாக எறிவாரா என்பதுதான் தெரிய வேண்டிய முதல் விஷயம். அதை மட்டும் சோதிக்க வழியில்லை. கடைசியில் அணி வெளியிடும் ‘டெப்த் சார்ட்’ பட்டியலில் இரண்டு பெயர்களுக்கு நடுவே ‘அல்லது’ என்று போட்டுவிடுவார்கள். ரசிகர்கள் அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டே இரண்டு வாரம் வாதாடுவார்கள்.

ஒஹாயோ ஸ்டேட்டின் கதை, ஆள் இல்லாத கதையல்ல. ஆள் அதிகமாகிப்போன கதை.

2014 ஆகஸ்டில் அணியின் நட்சத்திரம் பிராக்ஸ்டன் மில்லர். ஒஹாயோ ஸ்டேட் ஆடும் பிக் டென் பிரிவின் சிறந்த தாக்குதல் வீரர் விருதை இரண்டு முறை வாங்கியவர். சீசன் தொடங்க இரண்டு வாரமே இருந்தபோது, பயிற்சியில் பந்தை எறிந்தவரின் தோள்பட்டை போய்விட்டது. அந்த இடத்துக்கு வந்தவர், கல்லூரி ஆட்டம் எதிலும் அதுவரை இறங்கியிராத ஜே.டி. பாரெட். இரண்டாவது ஆட்டத்திலேயே வர்ஜினியா டெக்கிடம் சொந்த மைதானத்தில் 35-21 என்று தோற்றார். எல்லாம் முடிந்தது என்றார்கள். அதன் பிறகு அந்த சீசனில் அந்தப் பையன் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. பந்தை எதிரணியின் கோல் எல்லைக்குள் சேர்க்கும் ‘டச் டவுன்’களை எறிந்தும் ஓடியுமாக 45 முறை அடித்தார். நவம்பர் கடைசியில், பரம வைரியான மிச்சிகனுடன் ஆடும்போது கணுக்கால் எலும்பு முறிந்தது.

மூன்றாமவர் கார்டேல் ஜோன்ஸ். உயரம் ஆறடி ஐந்து அங்குலம், எடை 110 கிலோவுக்கு மேல். அதற்கு முன் அவரை நாடு அறிந்திருந்தது வேறொரு காரணத்துக்காக: ஃபுட்பால் ஆட வந்த எங்களுக்கு வகுப்பு எதற்கு என்று 2012இல் ட்விட்டரில் எழுதி மாட்டிக்கொண்டவர். (பிற்பாடு பட்டம் வாங்கிவிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) அவர் முதலில் இருந்து ஆடிய முதல் ஆட்டமே பிரிவின் இறுதிப்போட்டி. விஸ்கான்சினை 59-0 என்று நொறுக்கினார்கள். அடுத்து, பயிற்சியாளர் நிக் சேபனின் அலபாமாவை 42-35. 2015 ஜனவரி 12 அன்று ஆரகனை 42-20. முதல் பிளேஆஃப் கோப்பை, மூன்றாவது ஆள் கையில்.

உடனே அவர் என்.எஃப்.எல்-க்குப் போயிருந்தால் பிரச்சினையே இல்லை. போகவில்லை, படிப்பைத் தொடர்கிறேன் என்று அறிவித்துவிட்டார். இப்போது மூன்று பேர், ஒரே இடம். மில்லர் ஜூலையில் பந்தைப் பிடிக்கும் ரிசீவராக மாறினார். மிச்சமிருந்த இருவரை வைத்து ஒஹாயோவில் நடந்த வாதத்தைக் கேட்டிருந்தால், இந்தச் சண்டைகள் எப்படி நடக்கும் என்பதற்கு அதுவே பாடம்.

ஜோன்ஸ் கட்சிக்காரர்கள் சொன்னது எளிமையானது: கோப்பையை வாங்கித் தந்தவனை எப்படி உட்கார வைப்பது? அவர் கையிலிருந்து பந்து 60 யார்டு பறக்கும். அதற்குப் பயந்து எதிரணி பின்னால் நகரும். நடுவில், பந்தைச் சுமந்து ஓடும் எசெக்கியேல் எலியட்டுக்கு வழி திறக்கும். பாரெட் கட்சி அமைதியாகக் கணக்குப் போட்டது. மூன்று ஆட்டம் பெரிதா, பன்னிரண்டு ஆட்டம் பெரிதா? ஜோன்ஸின் நீண்ட எறிதல்களைத் துரத்திப் பிடித்த டெவின் ஸ்மித் அணியை விட்டுப் போயாயிற்று. பந்தைப் பறிகொடுக்காமல், வேகமாக முடிவெடுத்து, தானும் ஓடக்கூடியவர் பாரெட்தான். ஒரு பக்கம் உச்சத்தை நினைத்துப் பேசியது, இன்னொரு பக்கம் நம்பகத்தை. இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பதால்தான் யாரும் யாரையும் மாற்ற முடியவில்லை.

இரண்டு கட்சியும் பேசாமல் விட்ட ஒரு விஷயம்தான் பெரியது என்று நினைக்கிறேன். 2014இல் மூன்று பேரையும் தயார் செய்து, ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி ஆட்டத்தை வடிவமைத்தவர் தாக்குதல் பயிற்சியாளர் டாம் ஹெர்மன். கோப்பை வாங்கிய கையோடு அவர் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார். ரசிகர்களுக்கு வீரர்தான் கண்ணுக்குத் தெரிகிறார். திட்டம் போடுபவர் தெரிவதில்லை.

அசோசியேட்டட் பிரஸ் தரவரிசையில் வாக்களித்த 61 பேரும் ஒஹாயோ ஸ்டேட்டையே முதலிடத்தில் வைத்தார்கள். சீசனுக்கு முந்தைய பட்டியலில் ஓர் அணி ஒருமனதாக முதலிடம் பெற்றது அதுவே முதல் தடவை. தலைமைப் பயிற்சியாளர் அர்பன் மேயர் மட்டும் வாய் திறக்கவில்லை. செப்டம்பர் 7 அன்று வர்ஜினியா டெக் மைதானத்தில் ஜோன்ஸ் பந்தை வாங்க நடந்து வந்தபோதுதான் உலகுக்கு விடை தெரிந்தது. ஆட்டம் 42-24 என்று வெற்றி. ஆனால் சண்டை அங்கே முடியவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் ஜோன்ஸின் எறிதல்களை எதிரணி இரண்டு முறை பறித்ததும் பாரெட் உள்ளே வந்தார். பிறகு மைதானத்தின் நடுவில் ஜோன்ஸ், கோல் எல்லைக்குப் பக்கத்தில் போனதும் பாரெட் என்று ஓர் ஏற்பாடு. எட்டாவது ஆட்டத்தில் பாரெட் முதல் ஆளானார். அடுத்த வாரக் கடைசியிலேயே மது அருந்திவிட்டுக் கார் ஓட்டிய வழக்கில் சிக்கி ஓர் ஆட்டத் தடை. மீண்டும் ஜோன்ஸ். மீண்டும் பாரெட்.

ஒரே உறையில் இரண்டு கத்தி என்று நாம் சொல்வதை, இரண்டு குவார்ட்டர்பேக் இருந்தால் ஒருவரும் இல்லை என்று அவர்கள் சொல்வார்கள். நவம்பர் 21 அன்று மிச்சிகன் ஸ்டேட் 17-14 என்று, கடைசி நொடியில் உதைத்த ஒரு ஃபீல்டு கோலில் ஒஹாயோ ஸ்டேட்டைச் சாய்த்தபோது எல்லோரும் அதையே திருப்பிச் சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், அன்று மிச்சிகன் ஸ்டேட்டின் முதன்மைக் குவார்ட்டர்பேக் கானர் குக் தோள்பட்டைக் காயத்தால் ஆடவே இல்லை. டைலர் ஓ’கானர், டேமியன் டெரி என்ற இரண்டு மாற்று வீரர்களை மாற்றி மாற்றி இறக்கித்தான் அந்த அணி ஜெயித்தது! அதே மழை நாளில் எலியட்டுக்குப் பந்து கொடுக்கப்பட்டது 12 முறை மட்டுமே. அதைப் பற்றி ஆட்டம் முடிந்ததும் அவரே வெளிப்படையாகக் கொதித்தார். பழியைக் குவார்ட்டர்பேக் மேல் போடுவது சுலபம். தங்கள் பலம் எது என்பதை மறந்த திட்டத்தின் மேல் போடுவதே நியாயம்.

ஒஹாயோ ஸ்டேட் அந்த ஆண்டு ஒரே தோல்வியுடன் பிளேஆஃபுக்கு வெளியே நின்றது. ஜோன்ஸ் முதல் ஆளாக இறங்கிய 11 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அந்த ஒரு தோல்வி பாரெட்டின் பெயரில். இதை வைத்து இன்றைக்கும் சண்டை போடலாம், போடுகிறார்கள்.

உட்கார்ந்திருப்பவர் மேல் ரசிகர்களுக்கு எப்போதும் ஒரு பிரியம். அவர் ஆடி யாரும் பார்த்ததில்லை, அதனால் அவரிடம் குறையே இல்லை. சில சமயம் அந்தப் பிரியம் பலித்தும்விடுகிறது. 2018 வசந்தத்தில் இதே கொலம்பஸில் ஜோ பரோ, டுவெய்ன் ஹாஸ்கின்ஸ் இருவருக்கும் போட்டி. பரோ விலகி எல்.எஸ்.யு பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஹாஸ்கின்ஸ் அந்த சீசனில் 50 டச் டவுன் எறிந்தார்; தேர்வு சரி என்றார்கள். மறு ஆண்டு பரோ 60 எறிந்து, நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹெய்ஸ்மன் கோப்பையையும் தேசியப் பட்டத்தையும் வாங்கினார். இதில் யார் தவறு செய்தார்கள் என்று சொல்ல முடியுமா?

பரோ போன பாதை இப்போது நெடுஞ்சாலை ஆகிவிட்டது. 2018 அக்டோபரில் வந்த ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ மூலம் வீரர் வேறு கல்லூரி தேடலாம்; முன்பு போல ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதி 2021இல் தளர்ந்தது. அதே ஆண்டு ஜூலை முதல் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கவும் அனுமதி வந்தது. எனவே பயிற்சியாளர் இன்று ஒருவர் பெயரை அறிவிப்பது, இன்னொருவரை வழியனுப்புவதற்குச் சமம். வாயை மூடிக்கொள்ள அவருக்கு முன்னெப்போதையும்விட வலுவான காரணம் இருக்கிறது.

2025 ஆகஸ்டில் மறுபடியும் நடப்புச் சாம்பியனாக, மறுபடியும் அதே கேள்வியோடு நின்றது ஒஹாயோ ஸ்டேட். முந்தைய ஜனவரியில் கோப்பை வாங்கித் தந்த வில் ஹோவர்ட், கேன்சஸ் ஸ்டேட்டிலிருந்து ஓராண்டுக்கு மட்டும் வந்தவர், என்.எஃப்.எல்-க்குப் போய்விட்டார். போட்டி ஜூலியன் செய்னுக்கும் லிங்கன் கீன்ஹோல்ஸுக்கும். ஆகஸ்ட் 30 அன்று டெக்சஸுக்கு எதிரே களமிறங்கி 14-7 என்று ஜெயித்தவர் செய்ன். அவர் முதலில் சேர்ந்த கல்லூரி அலபாமா. சேபன் ஓய்வு பெற்றதும் அங்கிருந்து கிளம்பிக் கொலம்பஸுக்கு வந்தவர்.