வைரஸ் நுரையீரல் அழற்சியில் மருந்தெதிர்ப்பு பாக்டீரியா இணைத்தொற்று

வைரஸால் நுரையீரல் அழற்சி ஏற்பட்ட ஒருவரை, வழக்கமான நுண்ணுயிர் எதிர்ப்பிகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவும் சேர்ந்து தாக்குவது மருந்தெதிர்ப்பு பாக்டீரியா இணைத்தொற்று ஆகும். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர், புற்றுநோய்க்கு வேதிச்சிகிச்சை பெறுவோர், நீண்டநாள் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோர் போன்ற நோயெதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு இது உயிராபத்தை விளைவிக்கக்கூடியது.

ஏற்படும் விதம்

மூச்சுக்குழாயின் உட்பரப்பில் உள்ள நுண்ணிய பிசிர்கள் சளியையும் கிருமிகளையும் மேல்நோக்கித் தள்ளி வெளியேற்றுகின்றன. இன்ஃபுளுவென்சா போன்ற வைரஸ்கள் இப்பரப்பைச் சிதைப்பதால் பாக்டீரியாக்கள் எளிதில் ஒட்டிப் பெருகுகின்றன. 1918 இன்ஃபுளுவென்சா பெருந்தொற்றில் இறந்தோரில் பெரும்பாலோருக்குப் பாக்டீரியா நுரையீரல் அழற்சியும் இருந்ததைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

அடிக்கடி மருத்துவமனையில் தங்குவதும், பலமுறை நுண்ணுயிர் எதிர்ப்பிகள் பெறுவதும் மருந்தெதிர்ப்புக் கிருமிகள் தொற்றும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. மெத்திசிலின் எதிர்ப்பு ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், கிளெப்சியெல்லா நிமோனியே, அசினெட்டோபாக்டர் பௌமானி, சூடோமோனாஸ் ஏருஜினோசா ஆகியவை இவற்றுள் முக்கியமானவை.

நோயறிதல்

வெள்ளையணுக்கள் குறைந்தவர்களுக்குக் காய்ச்சலோ சளியோ மிகுதியாக இல்லாமலே தொற்று முற்றிவிடலாம். மார்பு எக்ஸ்-கதிர் படத்திலும் தொடக்கத்தில் மாற்றம் தெரியாமல் போகலாம். சளி, இரத்தம் ஆகியவற்றின் வளர்ப்புச் சோதனை முடிவுக்குப் பொதுவாக 2 அல்லது 3 நாட்கள் ஆகும்.

சிகிச்சை

முடிவுக்காகக் காத்திருந்தால் நோயாளி இறக்க நேரிடலாம். எல்லோருக்கும் வீரியமிக்க மருந்து கொடுத்தால் மருந்தெதிர்ப்பு பரவும். கோவிட்-19 நோயால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்கே நுண்ணுயிர் எதிர்ப்பி தேவைப்படும் பாக்டீரியா இணைத்தொற்று இருந்தது. ஆனால் சுமார் 75 விழுக்காட்டினருக்கு அம்மருந்துகள் தரப்பட்டன என்று உலக சுகாதார அமைப்பு 2024இல் தெரிவித்தது.

எனவே, ஆபத்து மிகுந்தவர்களுக்கு மாதிரிகளை எடுத்தவுடன் மருந்து தொடங்கப்படுகிறது. முடிவு வந்ததும் அது குறைக்கப்படுகிறது, மாற்றப்படுகிறது அல்லது நிறுத்தப்படுகிறது. கடைசிக்கட்ட மருந்தான கொலிஸ்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. ஆகவே சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றவருக்கு, உயிரைக் காக்கத் தரும் மருந்தே மாற்றிய உறுப்புக்குக் கேடாகலாம்.

தடுப்பு

இன்ஃபுளுவென்சா, நிமோகாக்கஸ் தடுப்பூசிகள் இத்தொற்றின் வாய்ப்பைக் குறைக்கின்றன. இவர்களுக்கு உயிருள்ள கிருமிகள் கொண்ட தடுப்பூசிகள் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன. மருத்துவப் பணியாளர்களின் கைத்தூய்மையும், செயற்கைச் சுவாசக் குழாயை இயன்றவரை விரைவில் அகற்றுவதும் மருத்துவமனைத் தொற்றைத் தடுக்க உதவுகின்றன.