பரீட்சைக்கு முந்திய வாரமும் உறக்கமும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குச் சில நாட்கள் முன்பிருந்து மேலதிக வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் விநியோகம் எல்லாவற்றையும் பரீட்சைத் திணைக்களம் தடை செய்கிறது. 2025இல் பரீட்சை நவம்பர் 10ஆம் திகதி தொடங்கியது. தடை 4ஆம் திகதி நள்ளிரவிலிருந்து. கொழும்பின் ஹெவ்லொக் டவுன், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பிள்ளைகள் பலருக்குப் பாடசாலை விட்டதும் ரியூசன், இருட்டிய பின் வீடு, பிறகு மேசை விளக்கு என்பதே ஈராண்டு வழக்கம். அந்த ஓட்டம் நிற்கும் வாரம் இது. ஆனால் பல வீடுகளில் இதுவே கண்விழிக்கும் வாரமாகிவிடுகிறது.

உறங்கும் மூளையின் வேலை

பகலில் படித்தவை முதலில் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் பதிகின்றன. ஆழ்ந்த உறக்கத்தில் அவை மீண்டும் எழுப்பப்பட்டு, மூளைப் புறணியில் படிப்படியாக நிலைபெறுகின்றன. இரவின் முற்பாதியில் ஆழ்ந்த உறக்கமும் பிற்பாதியில் கனவு உறக்கமும் மிகுதி. 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது.

விடியற்காலையில் படித்தால் மனதில் நிற்கும் என்று பெரியவர்கள் சொல்வதில் தவறில்லை. ஆனால் அவர்கள் எட்டரைக்கே படுத்தவர்கள். பன்னிரண்டுக்குப் படுக்கும் பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பினால் கிடைப்பது பாதி உறக்கம்தான்.

பதின்வயதின் கடிகாரம்

இவ்வயதில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் தாமதமாகவே சுரக்கிறது. பத்து மணிக்குத் தூக்கம் வராதது சோம்பலோ பிடிவாதமோ அல்ல. ஆனாலும் பரீட்சை காலை எட்டரைக்குத் தொடங்குவதால், எழும் நேரத்தை முந்திய இரண்டு வாரங்களில் சிறிது சிறிதாக முன்னகர்த்த வேண்டியிருக்கிறது. காலை வெளிச்சம் இதற்குக் கைகொடுக்கும்: ஹெவ்லொக் பூங்காவிலோ வெள்ளவத்தைக் கடற்கரையிலோ அரை மணி நடை போதும். இரவில் கைபேசி வேறு அறையில் இருப்பது நல்லது.

கஃபீன் உடலில் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் எடுக்கும். இரவு ஒன்பதுக்குக் குடித்த கோப்பி அதிகாலை இரண்டிலும் பாதி மிச்சம். களைப்பை அது நீக்குவதில்லை, மறைக்கிறது. கடும் சாயப் பிளேன் டீக்கும் இது பொருந்தும்.

குறைந்த நேரத்தில் படிப்பது

உறக்கத்துக்கு நேரம் எங்கே என்ற கேள்விக்கு விடை படிக்கும் முறையில் இருக்கிறது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தின் பின் முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, நூலை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதியவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தனர். நிறமிட்ட குறிப்புகளை மறுபடி புரட்டுவதை விட, கடந்தகால வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்துச் செய்து, பிழைத்த இடத்தை மட்டும் பார்ப்பது பயன் தரும். வினாத்தாளின் பகுதி இரண்டுக்கு மூன்று மணி நேரமும் வாசிப்புக்கு மேலதிகமாகப் பத்து நிமிடமும் உண்டு. அந்தப் பத்து நிமிடத்தில் வினாக்களைத் தெரிவு செய்யவும் பழக வேண்டும்.

நீளும் பரீட்சை

உயர்தரப் பரீட்சை வாரக்கணக்கில் நடக்கும். 2024இல் மழையால் நவம்பர் 27இல் இடைநின்று டிசம்பர் 4இல் தொடர்ந்தது. 2025இல் டித்வா புயலால் மிகுதிப் பாடங்கள் அடுத்த ஆண்டு ஜனவரிக்குத் தள்ளிப்போயின. முதல் பாடத்துக்கே உடலைச் செலவழித்துவிட்ட மாணவருக்குப் பின்வரும் பாடங்கள் சுமையாகின்றன. பாடத்துக்குப் பாடம் உள்ள இடைவெளியில் முதல் மாலை ஓய்வுக்கே உரியது. எழுதி முடித்த தாளின் விடைகளை வாசலில் நின்று ஒப்பிடுவதால் புள்ளி கூடாது, அன்றிரவுத் தூக்கம்தான் போகும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

நவம்பர் மழையோடு கொழும்பில் டெங்கும் வரும். பரீட்சைப் பயம் என்று காய்ச்சலைத் தள்ளிப்போடக் கூடாது. பல்கலைக்கழக அனுமதிக்கான இஸட் புள்ளிக் கணக்கும் அயலவர் பிள்ளையின் பெறுபேறும் சாப்பாட்டு மேசைக்கு வராதிருப்பது நல்லது. தொடர்ந்து பல இரவு தூக்கமின்மை, உணவில் வெறுப்பு, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு இவை தென்பட்டால் பரீட்சை முடியட்டும் என்று காத்திராமல் மருத்துவரை நாட வேண்டும். தேசிய மனநல உதவித் தொலைபேசி எண் 1926.