எந்தத் தொலைகாட்டி நல்லம்? ஏழு பாகையிலிருந்து ஒரு பதில்

“மகனுக்கு ஓஎல் முடிஞ்சுது. ஒரு ரெலஸ்கோப் வாங்கிக் குடுப்பம் எண்டு யோசிக்கிறன். எது நல்லம்?”

வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருக்கிற தகப்பன் ஒருவர், வானம் பார்க்கிறவர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் இப்படிக் கேட்டுவிட்டால் போதும். “அண்ணை, யோசிக்காமல் டொப்சோனியன் எடுங்கோ” என்று முதல் ஆள் அன்பாகச் சொல்வார். “ஃபிளாற்றில இருக்கிறவர் அந்தப் பீரங்கியை எங்க வைக்கிறது? வில்லைத் தொலைகாட்டி காணும்” என்பார் அடுத்தவர். வானத்தோடு சேர்ந்து சுழலும் தாங்கி இல்லாவிட்டால் காசு வீண் என்று மூன்றாமவர் குறுக்கிடுவார். நாலாமவர் கைபேசியை நீட்டி, நேற்றிரவு எடுத்த ஓரியன் நெபுலாவைக் காட்டி, கண்ணை வைத்துப் பார்க்கிற காலமே போய்விட்டது என்பார். பிறகு குரல்கள் ஏறும். கேள்வி கேட்டவரை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், உலகத்தில் இவர்களைப் போல நட்பான பொழுதுபோக்குக்காரரைக் காண்பது அரிது. பல மாதம் சேமித்து வாங்கிய கருவியின் முன் முன்பின் தெரியாத பிள்ளையை நிறுத்தி, “வடிவாப் பாருங்கோ தம்பி, அவசரமில்லை” என்று சொல்லக்கூடியவர்கள். ஆளோடு பகையில்லை, கருவி என்று வந்தால் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஏன் இந்தச் சூடு என்று விளங்க, அவர்கள் அடிபடும் கருவிகளையே கொஞ்சம் கழற்றிப் பார்க்க வேண்டும்.

தொலைகாட்டியின் வேலை பெரிதாக்குவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதன் முதல் வேலை ஒளி சேர்ப்பது. முன்வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு ஒளி. அகலம் இரட்டித்தால் ஒளி நாலு மடங்கு. 60 மில்லிமீற்றர் கருவியைவிட 130 மில்லிமீற்றர் கருவி நாலரை மடங்குக்கும் கூடுதலாக ஒளி சேர்க்கும். நெருங்கியிருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் திறனும் அகலத்தோடுதான் வளரும். உருப்பெருக்கம் கடைசியாக வருவது. பார்வைத்துண்டை மாற்றினால் அதுவும் மாறும். முன்வாயின் ஒரு மில்லிமீற்றருக்கு இரண்டு மடங்கு என்பது நடைமுறை எல்லை. ஆகவே 60 மில்லிமீற்றர் கருவியின் பெட்டியில் ‘525 மடங்கு’ என்று அச்சடித்திருந்தால், 120க்கு மேலே கிடைப்பது வெறும் மங்கல். அந்தப் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம். இந்த ஒன்றில் வானம் பார்ப்பவர்களுக்குள் பெரிய பிணக்கு இல்லை.

பிணக்கு தொடங்குவது ஒளியை எதால் சேர்ப்பது என்பதில். வில்லையால் சேர்த்தால் முறிவுத் தொலைகாட்டி. குழிவாடியால் சேர்த்தால் தெறிப்புத் தொலைகாட்டி. வில்லை நிறங்களை வெவ்வேறு இடத்தில் குவிப்பதால், மலிவான முறிவுக் கருவியில் வெள்ளியையும் வியாழனையும் சுற்றி ஊதா நிறம் கசியும். ஆடியில் அந்தக் குறை இல்லை. நியூட்டன் 1668இல் ஆடி வைத்துத் தொலைகாட்டி செய்ததற்குக் காரணமே அதுதான். ஆனால் ஆடி அசையும். காரில் கொண்டுபோய் இறக்கினால் அச்சுப் பிசகியிருக்கும். திருகாணி திருப்பி நேராக்க வேண்டும். வில்லைக்கு அந்த வேலை இல்லை, எடுத்த கையோடு பார்க்கலாம். தொழில்முறை வானியலாளர் இந்த வழக்கை எப்போதோ முடித்துவிட்டார்கள்: 1897இல் அமெரிக்காவின் யேர்க்ஸ் ஆய்வகத்தில் திறந்த 102 சென்ரிமீற்றர் வில்லைத் தொலைகாட்டிக்குப் பிறகு அதைவிடப் பெரிய வில்லையால் வானத்தை ஆராயும் கருவி எழவில்லை, பெரியவை எல்லாம் ஆடிதான். மாடியில் நின்று பார்ப்பவருக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது. அவருக்குப் படிக்கட்டும் இருக்கிறது, முதுகும் இருக்கிறது.

முதல் ஆள் சொன்ன டொப்சோனியனுக்கு வெள்ளவத்தையோடு ஒரு தூரத்து உறவு உண்டு. கொழும்பு இராமகிருஷ்ண மிஷன் வெள்ளவத்தையில், தன் பெயரையே தாங்கிய வீதியில் இருக்கிறது. அதே இராமகிருஷ்ண சங்கத்தின் சான்பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் 1944இல் துறவியாகச் சேர்ந்தவர் ஜோன் டொப்சன். கையில் காசு இல்லாத துறவி. கப்பல் சாளரத்துத் தடித்த கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். சீமெந்துத் தூண் வார்க்கும் கடதாசிக் குழாய்க்குள் அதை வைத்தார். பலகைப் பெட்டியொன்றில் குழாயை இருத்தினார். பெட்டி இடம் வலமாகத் திரும்பும், குழாய் மேலும் கீழுமாக ஆடும், அவ்வளவுதான். விரலால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். அதைத் தெருவுக்கு உருட்டிக்கொண்டுபோய் அயலவர்க்கெல்லாம் சந்திரனைக் காட்டினார். மடத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் தெருவில் நின்றது பிரச்சினையாகி, 1967இல் மடத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். அடுத்த வருடம் சான்பிரான்சிஸ்கோவில் நடைபாதை வானியலாளர் என்ற அமைப்பு உருவானது. கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை; 2014இல் 98 வயதில் காலமானார். முன்பின் தெரியாதவரைக் கூப்பிட்டுக் காட்டுகிற பழக்கம் இந்தக் கூட்டத்தில் இவ்வளவு ஊறிப்போனதில் அந்தத் துறவிக்குப் பெரிய பங்கு உண்டு. அவருடைய பெட்டியின் பெயரைச் சொல்லியே அதே கூட்டம் அடிபடுகிறது என்பது வேறு கதை.

வானத்தை வைத்து வழக்காடுவது ஈழத்தமிழருக்குப் புதிதும் அல்ல. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் வானியல் முக்கிய பாடம். 1829இல் வந்த சந்திர கிரகணத்தைப் பற்றி உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிப்பு சரியா, செமினரி அதிபர் டானியல் பூவரின் கணிப்பு சரியா என்று பெரிய பிடுங்குப்பாடு நடந்தது. அங்கே தீர்ப்புச் சொல்ல ஒரு மணிக்கூடு போதுமாக இருந்தது. தொலைகாட்டி வழக்குக்கு அப்படி ஒரு நடுவர் இல்லை. ஒவ்வொருவரும் தாம் நிற்கும் இடத்தில் சரியாகத்தான் சொல்கிறார்கள். நிற்கும் இடத்தைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

என் முறைப்பாடு அதில்தான். நாங்கள் படிக்கிற கருவி ஆலோசனைகளில் பெரும்பாலானவை 40, 50 பாகை வடக்கில் குளிரில் நின்று எழுதப்பட்டவை. கொழும்பு இருப்பது ஏறத்தாழ 7 பாகையில். இங்கே பல அறிவுரைகள் தலைகீழாகிவிடும்.

மூன்றாமவர் கேட்ட தாங்கியை எடுங்கள். பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகர்கின்றன. அந்த நகர்வை ஒரே அச்சில் பின்தொடர, தாங்கியின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சரிக்க வேண்டும். இலண்டனில் அது அடிவானத்திலிருந்து 51 பாகை உயரத்தில் நிற்கும், கண்டுபிடிப்பது சுலபம். கொழும்பில் வெறும் 7 பாகை. வெள்ளவத்தை மொட்டைமாடியில் நின்று வடக்கே பார்த்தால் அந்த உயரத்தில் தெரிவது பம்பலப்பிட்டியின் மாடிக் கட்டடங்கள். கட்டடம் இல்லாவிட்டாலும் தூசியும் ஈரப்புகையும் அதை மறைக்கும். கருவியும் முரண்டு பிடிக்கும். அச்சை ஏழு பாகைக்குத் தாழ்த்தினால் அது கிட்டத்தட்டப் படுத்துவிடும். எதிர்ப்பாரத் தண்டு சுழலும்போது முக்காலியின் காலில் போய் முட்டும். பல மலிவுத் தாங்கிகள் அவ்வளவு தாழவே தாழாது. திசைகாட்டி வைத்து, நட்சத்திரம் விலகுவதைப் பார்த்துப் பார்த்துத் திருத்துகிற வழி உண்டு, ஆனால் முதல் கருவி வாங்கும் பிள்ளைக்கு அது தண்டனை. அந்த வாதத்தில் கொழும்புக்காரர் டொப்சன் பக்கம் நிற்பதுதான் நியாயம்.

டொப்சனுக்கும் இங்கே ஒரு சங்கடம் உண்டு. நேர் உச்சியைப் பார்க்கும்போது பெட்டியை இடம் வலமாகத் திருப்புவது தடுமாற்றம். எங்களுக்கோ கிரகங்கள் அடிக்கடி உச்சியை ஒட்டியே போகும். மருந்து எளிது: ஒரு மணித்தியாலம் பொறுத்தால் வானம் 15 பாகை நகர்ந்துவிடும்.

இந்தச் சங்கடம் உண்மையில் ஒரு கொடை. தெற்கே எவ்வளவு சரிந்தாலும் வியாழனும் சனியும் கொழும்பில் தம் உச்ச நேரத்தில் ஏறக்குறைய 60 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. அதே கிரகத்தை இலண்டன்காரர் 15 பாகையில், கூரைகளுக்கு மேலே, தடித்த காற்றின் ஊடாகக் கொதிக்கிற உருவமாகப் பார்ப்பார். எங்கள் தலைக்கு மேலே காற்று மெல்லிசு. இதை நன்றாகப் பயன்படுத்தியவர் ஒருவர் இந்த ஊரிலேயே பிறந்தார். இலங்கைப் புகையிரதத்தைக் கட்டியெழுப்பிய பொறியாளர் கில்போர்ட் மோல்ஸ்வேர்த்தின் மகன் பேர்சி, 1867இல் கொழும்பில் பிறந்தவர். இராணுவப் பொறியாளராகத் திருகோணமலையில் இருந்தபோது பன்னிரண்டரை அங்குல ஆடித் தொலைகாட்டி வைத்திருந்தார். 1901இல் வியாழனின் தெற்குப் பகுதியில் ஒரு பெரிய குழப்பத்தை அவர் கண்டார். அது 1939 வரை நீடித்தது. செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு இன்று அவர் பெயர். வானியல் அவருக்குத் தொழில் அல்ல.

அடுத்த தலைகீழ் ஈரம். குளிர்நாட்டார், தொலைகாட்டியை வெளியே வைத்து ஒரு மணித்தியாலம் ஆறவிட வேண்டும் என்று எழுதுவார்கள். வீட்டுச் சூட்டோடு இருக்கும் ஆடி, குளிர்ந்த காற்றில் உருவத்தைக் கலக்கும். எங்களுக்கு எதிர்மாறு. ஏசி போட்ட அறையில் 22 பாகைக் குளிரில் இருந்த கருவியைக் கொழும்பு இரவுக்குள் கொண்டுவந்த மறுநிமிடமே வில்லை வெள்ளை பூத்துப் பனிக்கும். துடைத்தால் பூச்சில் கீறல் விழும். துடைக்காமல் இருந்தால் தானாக மறையும். ஆகவே ஏசி இல்லாத அறையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். இல்லாவிட்டால் வில்லையில் பூஞ்சணம் நூல் விட்டதுபோலப் படரும். மரீன் டிரைவ் பக்கம் இருப்பவர்களுக்குக் கடலின் உப்புக்காற்றும் சேரும். ஆடியின் அலுமினியப் பூச்சுக்கு அது ஆகாது. டொப்சோனியன் பெட்டி மரத்தூள் பலகையில் செய்ததென்றால் ஈரத்தில் ஊதிவிடும், விளிம்புகளுக்கு வார்னிஷ் அடிக்க வேண்டும்.

நாலாமவர் காட்டிய கைபேசிப் படத்துக்கு வருவோம். 2023இல் வந்த சீஸ்டார் எஸ்50 போன்ற தானியங்கிக் கருவிகளில் பார்வைத்துண்டே கிடையாது. 50 மில்லிமீற்றர் வில்லை, உள்ளே கமரா. வானத்தைத் தானே அடையாளம் கண்டு, சில செக்கன் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கைபேசிக்கு அனுப்பும். பழையவர்கள் இதைத் தொலைக்காட்சி பார்ப்பது என்று நக்கலடிக்கிறார்கள். நான் முழுக்க அந்தப் பக்கம் இல்லை. கொட்டாஞ்சேனை மாடியொன்றில் நின்று பாருங்கள்: மேற்கே துறைமுகத்தின் வெள்ளை விளக்குகள் விடியும்வரை எரியும், வானம் சாம்பல் நிறம். அங்கே எட்டு அங்குல ஆடி வைத்தாலும் மங்கலான நெபுலா ஒரு சந்தேகம்தான். ஆடி நெபுலாவோடு சேர்த்துத் துறைமுக வெளிச்சத்தையும் அள்ளும். படத்தை அடுக்கும் கருவி, வடிகட்டியின் துணையோடு அந்த வெளிச்சத்திலிருந்து நெபுலாவைப் பிரித்தெடுக்கிறது. ஆனால் அதில் சனியின் வளையத்தைப் பார்த்தால் ஒரு சிறு நீள்வட்டம்தான் மிஞ்சும். கிரகம், சந்திரன், இரட்டை நட்சத்திரம் ஆகிய மூன்றையும் நகர வெளிச்சம் தின்பதில்லை. அவற்றுக்குக் கண்ணும் அகலமான முன்வாயுமே வேண்டும். தெற்கே அடிவானம் திறந்திருந்தால் அல்பா சென்ரோரியைச் சின்னத் தொலைகாட்டியிலேயே இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். ஐரோப்பிய வீடுகளிலிருந்து அது உதிப்பதே இல்லை.

ஆகவே வெள்ளவத்தைத் தகப்பனுக்கு என் தீர்ப்பு: மேசைமேல் வைக்கும் 130 மில்லிமீற்றர் டொப்சோனியன். லிஃப்டில் ஒரு கையால் கொண்டுபோகலாம், துருவ நட்சத்திரம் தேவையில்லை, வியாழனின் பட்டிகளும் சனியின் வளையமும் தெளிவாகத் தெரியும். மாடிக்குப் போக வழியில்லாமல் ஒடுங்கிய பல்கனி மட்டும்தான் என்றால் வில்லைக் கருவி சொன்னவர் சரி. 127 மில்லிமீற்றர் ஆடி, குவியத்தூரம் 1000 மில்லிமீற்றர் என்று எழுதியிருந்தும் குழாய் அரை மீற்றர்தான் என்றால் வாங்க வேண்டாம். குவியத்தை நீட்ட உள்ளே ஒரு மலிவு வில்லை ஒளிந்திருக்கும், அச்சை நேராக்குவது பெரும் பாடு.

வாங்குவதற்கு முன் பிறருடைய தொலைகாட்டியில் பாருங்கள். காலி வீதியில் மொறட்டுவைக்கான 101 பஸ் ஏறினால் கட்டுபெத்தவில் ஆதர் சி. கிளார்க் நிறுவனம் வரும். 1996இல் ஜப்பான் அன்பளிப்பாகக் கொடுத்த 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி அங்கே இருக்கிறது. பொதுமக்களுக்கான இரவுகளை விசாரித்துக்கொண்டு போங்கள். பல்கலைக்கழக வானியல் கழகங்களும் கூப்பிட்டுக் காட்டும். பெப்ரவரி, மார்ச் மாத இரவுகள் பொருத்தம்; மே வந்தால் தென்மேற்குப் பருவமழை வானத்தை மூடிவிடும்.

ஒரு விடயத்தில் வாதத்துக்கு இடமில்லை. முன்வாயில் முறையான சூரிய வடிகட்டி பூட்டாமல் எந்தத் தொலைகாட்டியையும் சூரியன் பக்கம் திருப்பக் கூடாது. சில மலிவுப் பெட்டிகளில் பார்வைத்துண்டில் திருகுகிற கறுப்புக் கண்ணாடி ஒன்று வரும். அது சூட்டில் வெடிக்கும், கண் போய்விடும். பெட்டியில் இருந்தால் பிள்ளை காணுமுன் எடுத்து எறிந்துவிடுங்கள்.