9,410 பாடல்களை மீட்ட மூன்று விண்ணப்பங்கள்!

1985 ஜூலை. மேற்கு ஆப்பிரிக்க நாடான கினியாவில் ராணுவத்தின் ஒரு பிரிவு ஆட்சியைக் கவிழ்க்க முயன்றது. தலைநகர் கொனாக்ரியில் இருந்த வானொலி நிலையத்தின் மீது குண்டுகள் விழுந்தன. அங்கே அடுக்கி வைத்திருந்த ‘சிலிஃபோன்’ இசைத்தட்டுகள் அழிந்துபோயின. சிலிஃபோன் என்பது அந்த நாட்டு அரசே நடத்திய இசைத்தட்டு நிறுவனம்.

தட்டுகள்தானே போயின என்று விட்டுவிட முடியாது. 1958-ல் பிரான்ஸிடமிருந்து விடுதலை பெற்ற கினியா, தன் அடையாளத்தைத் தேடியது பாட்டில்தான். முதல் அதிபர் செக்கு துரே மாகாணந்தோறும் இசைக்குழு அமைத்து, கலைஞர்களுக்கு அரசுச் சம்பளம் கொடுத்தார். ‘கிராமங்களுக்குப் போய்ப் பழைய மெட்டுகளைக் கேட்டு, அவற்றிலிருந்து புதிய பாட்டு கட்டுங்கள்’ என்பது உத்தரவு. தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்ப முடியாத பாடகி மிரியம் மகேபாவும் இங்கே குடியேறி, சிலிஃபோனுக்காகப் பாடினார். அதே துரே தன் எதிர்ப்பாளர்களைச் சிறையில் வாட்டியவர் என்பதும் உண்மை. 1984-ல் அவர் இறந்ததும் ஆட்சி மாறியது. அவர் காலத்துப் பாடல்கள் வானொலியில் ஒலிப்பது அரிதாகிவிட்டது.

இந்த இடத்தில்தான் ஆஸ்திரேலிய இசை ஆய்வாளர் கிரேம் கவுன்சல் வருகிறார். அவர் கதவைத் தட்டியது லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தின் ‘என்டேஞ்சர்டு ஆர்க்கைவ்ஸ் புரோகிராம்’ என்ற நிதித் திட்டத்தில். அழியும் நிலையில் இருக்கும் ஆவணங்களை டிஜிட்டல் நகல் எடுக்க, ஆர்க்கேடியா அறக்கட்டளையின் பணத்தில் 2004-லிருந்து நடக்கும் திட்டம் இது.

முதல் விண்ணப்பத்தில் அவர் கேட்டது சின்ன உதவிதான். அழிந்த சிலிஃபோன் தட்டுகளின் பிரதிகளைத் தேடிச் சேர்த்து, 2008-ல் கினியா விடுதலையின் பொன்விழாவையொட்டிக் காட்சிக்கு வைக்க வேண்டும். அந்த வேலையாகப் போனவருக்கு வானொலி நிலையத்தில் புதையலே கிடைத்தது. தட்டாக வெளிவராத பாடல்களும் அடங்கிய ஸ்பூல் டேப்புகள்!

இரண்டாவது விண்ணப்பம். 2009-ல் வேலை நடந்துகொண்டிருந்தபோது, செப்டம்பர் 28 அன்று கொனாக்ரி விளையாட்டரங்கத்தில் திரண்ட மக்கள் மீது ராணுவம் சுட்டது. 150-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேலை பாதியில் நின்றது. மூன்றாவது முறை விண்ணப்பித்து, 2013-ல் முடித்தார். மொத்தம் 9,410 பாடல்கள். மூல டேப்புகள் நாட்டைவிட்டு வெளியே போகவில்லை. போகக் கூடாது என்பது அந்தத் திட்டத்தின் விதியும்கூட.

நம்ம ஊர்க் குரல்கள்

இதே திட்டத்தின் நிதி மும்பைக்கும் வந்திருக்கிறது. 1935 முதல் 1955 வரை அங்கே இயங்கிய ‘யங் இந்தியா’ கம்பெனியின் தட்டுகளுக்காக விண்ணப்பித்தவர், இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தின் சுரேஷ் சந்த்வங்கர். அவரே பிறகு ‘ஓடியன்’ தட்டுகளுக்கும் நிதி பெற்றார். அட, ஓடியனா என்று வீட்டுப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காரலாம். ஏவி.எம். மெய்யப்ப செட்டியார் படம் எடுக்க வருமுன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் விற்றது அந்த ஓடியன் தட்டுகளைத்தான்!

அந்தக் காலத் தட்டு அரக்கில் செய்தது. கை தவறினால் கண்ணாடிபோல நொறுங்கும். டேப்பின் கதை வேறு. டேப் நன்றாக இருந்தாலும் அதை ஓட்டும் மெஷின் கிடைப்பதில்லை. உதிரிப் பாகம் இல்லை, பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். 2019-லேயே யுனெஸ்கோ இதற்காக எச்சரிக்கை மணி அடித்தது. 2025-ஐத்தான் நிபுணர்கள் கெடுவாகச் சொல்லி வந்தார்கள். அதையும் தாண்டிவிட்டோம்.

பணம் எங்கே இருக்கிறது?

இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு பணப்பைக்கும் ஒரு வேலி உண்டு. கிராமி மியூசியம் 20,000 டாலர் வரை தருகிறது என்று கேள்விப்பட்டு ராத்திரி முழுக்க விண்ணப்பம் எழுதாதீர்கள். அது அமெரிக்கக் கண்டங்களின் இசை மரபுக்கு மட்டும். ‘ரெக்கார்டிங்ஸ் அட் ரிஸ்க்’ என்ற நிதி, அமெரிக்க, கனடா நிறுவனங்களுக்கானது. நமக்குத் தோதானவை, மேலே சொன்ன லண்டன் திட்டமும், 2018-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் தொடங்கிய ‘மாடர்ன் என்டேஞ்சர்டு ஆர்க்கைவ்ஸ் புரோகிராம்’ என்பதும். முன்னது பழமையான ஆவணங்களுக்கு, பின்னது 20, 21-ம் நூற்றாண்டுக்கு. உங்கள் ஊர் நாடகக் குழுவின் கேசட்டுகள் பின்னதில்தான் பொருந்தும். இந்தியாவில் மத்திய கலாசார அமைச்சகத்தின் கீழ் இந்திரா காந்தி தேசியக் கலை மையம் நடத்தும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகம், பல நிறுவனங்களோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்கிறது.

‘அழிகிறதே, ஐயோ’ என்று உருகி எழுதினால் நிதி கிடைத்துவிடாது. எத்தனை டேப், எத்தனை மணி நேரம், யார் குரல், எந்த ஆண்டு, இப்போது என்ன நிலை என்ற பட்டியலைத்தான் தேர்வுக் குழு முதலில் தேடும். அடுத்து, அனுமதி. டேப் உங்கள் பீரோவில் இருப்பதால் குரல் உங்களுடையது ஆகிவிடாது. பாடியவர் அல்லது அவர் வாரிசு, பதிவு செய்த நிறுவனம் எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வேண்டும். நல்ல விண்ணப்பங்கள் பல இங்கேதான் சறுக்கும் என்று தோன்றுகிறது. பாட்டியின் பாட்டுக்குப் பேரனிடம் கையெழுத்து கேட்க நமக்குக் கூச்சம்!

செலவுக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. புகைப்படத்தை நொடியில் ஸ்கேன் செய்யலாம். 100 மணி நேர டேப்பை நகல் எடுக்க 100 மணி நேரம் ஓடவிட்டே ஆக வேண்டும். துடைப்பது, பெயரிடுவது, சரிபார்ப்பது தனி. ஆகவே மெஷினுக்கு மட்டும் பணம் கேட்டுவிட்டு, ஆள் சம்பளத்தை மறந்துவிடக் கூடாது. நகலும் எம்பி3-யில் வேண்டாம். காப்பகங்கள் கேட்கும் தரத்தில், 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக எடுத்தால் ஒரு மணி நேர ஸ்டீரியோவுக்கு 2 ஜி.பி. பிடிக்கும். அதையும் இரண்டு வெவ்வேறு ஊர்களில் வைக்க வேண்டும். 2023 அக்டோபரில் இணையத் திருடர்கள் தாக்கியபோது பிரிட்டிஷ் நூலகத்தின் சேவைகளே மாதக்கணக்கில் முடங்கின.

நிதி வரும்வரை வீட்டில் செய்யக்கூடியது: டேப்புகளைப் பரணிலிருந்து இறக்கி, வெயில் படாத, ஈரமில்லாத அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். பூஞ்சை பிடித்ததை ஓட்டிப் பார்க்க வேண்டாம். பழைய ஸ்பூல் எதிலாவது வினிகர் வாடை அடித்தால் அதை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். அந்த வாடைக்குக் காரணமான அமிலம் பக்கத்து டேப்பையும் அரிக்கும்.